டச்சுக்காரரின் முழங்கால்

"அண்ணே, விசயம் தெரியுமா? நம்ம ஃபுட்பால் டீமுக்குப் புது கோச் வாரான். யாருன்னு நெனைக்கிறீங்க? ஒங்க டச்சுக்காரன்தான்லா!"

ஷரபுதீன் கல்லாவில் உட்கார்ந்தபடியே நாளிதழை நீட்டினார். ஈப்போவின் சிலிபின் வட்டாரத்தில் அவர் சாப்பாட்டுக் கடை போட்டு இருபது வருடமாகிறது. ஊர் வம்பு எதுவானாலும் முதலில் அங்கேதான் வந்து இறங்கும். பத்துமலை குடித்துக்கொண்டிருந்த தே தாரேக்கை மேசையில் வைத்தார்.

"எந்த டச்சுக்காரன்?" என்றார், ஒன்றும் தெரியாதவர் போல.

"நடிக்காதீங்கண்ணே. ஒங்ககிட்ட அடிபட்டு முழங்கால் போச்சே, அந்த ஹென்க்! அதோட ஆட்டம் முடிஞ்சுதாம். அப்புறம் கோச் வேலை படிச்சு, கானா, வியட்நாம்னு சுத்திட்டு, கடைசில ஈப்போவுக்கே வாரான். படத்த பாருங்க, முடியெல்லாம் கொட்டிப்போச்சு."

பத்துமலை படத்தைப் பார்க்கவில்லை. அந்த முகம் அவருக்கு மனப்பாடம்.

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் ஹென்க் ஈப்போ அணியின் நட்சத்திரம். பத்துமலை ஈப்போக்காரர்தான், ஆனால் எதிரணிக்கு ஆடினார். முதுகில் மூன்றாம் நம்பர். தேசியப் பயிற்சி முகாமுக்கு அழைப்புக்கூட வந்துவிட்டது. அந்த ஆட்டத்தில் ஹென்க்கின் பந்தைப் பறிக்கச் சறுக்கிக்கொண்டு போனார். சத்தியமாகப் பந்தைத்தான் பார்த்தார். கட்டுப் போட்ட அந்த முழங்கால் எங்கிருந்து நடுவில் வந்தது என்று இன்றுவரை அவருக்குப் புரியவில்லை. அலறல் மட்டும் காதிலேயே நின்றுவிட்டது.

சிவப்பு அட்டை. ஆறு மாதத் தடை. சொந்த ஊரே காறித் துப்பியது. ஒரு கிலோ ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால், "அவரு ஒங்கள பார்க்க மாட்டாராம்" என்று தாதி திருப்பி அனுப்பிவிட்டாள். தடை முடிந்த பிறகும் பத்துமலை பூட்ஸ் போடவில்லை. முகாமுக்கும் போகவில்லை.

சரி, அதெல்லாம் பழைய கதை என்று விட்டுவிடலாம். விட முடியாதபடி ஒரு சிக்கல் இருந்தது. செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டி இடுப்பொடிந்த பத்துமலை, மூன்று வருடமாக அதே ஈப்போ அணியின் பஸ் டிரைவர்.

"தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கிட்டா மறைஞ்சிருவீங்களா?" என்று கேட்டாள் அவர் மனைவி மங்களம்.

"அடையாளம் தெரிஞ்சா அன்னைக்கே வேலை போயிரும், மங்களம்."

"போனாப் போவட்டும். இருபத்தாறு வருசமா தூக்கத்துல ஒளறுறீங்க. ஒரு தடவ மன்னிப்பு கேட்டுட்டு வாங்க. நானாவது நிம்மதியா தூங்குறேன்."

ஹென்க் வந்து இரண்டு மாதமாகியும் அவருக்கு வாய் வரவில்லை. ஹென்க் தினமும் டிரைவருக்குப் பின்னால் உள்ள சீட்டில்தான் உட்காருவார். "செலாமாட் பாகி, அபாங்" என்று மலாயில் காலை வணக்கம் சொல்லி, அண்ணே என்றும் கூப்பிடுவார். பத்துமலை தலையை மட்டும் ஆட்டுவார். வலது காலை இழுத்து இழுத்து அவர் பஸ் படி ஏறும்போதெல்லாம் பத்துமலை ஸ்டியரிங்கைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

ஆயர் தாவாரில் ஒரு நட்பு ஆட்டம். பையன்கள் எல்லாரும் திடலில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். ஹென்க் மட்டும் பஸ்ஸிலேயே உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த வாடை மூக்கில் ஏறியதும் பத்துமலைக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. தொப்பியையும் கண்ணாடியையும் கழற்றிவிட்டுத் திரும்பினார்.

இருவருக்கும் பொதுவாக இருந்தது மலாய்தான். ஹென்க் பேசியது உடைந்த மலாய், பத்துமலை பேசியது நடுங்கிய மலாய்.

"கோச், என்னைத் தெரியுதா?"

"மூணாம் நம்பர்," என்றார் ஹென்க், தைலத்தை மூடிக்கொண்டே. "வந்த மொத நாளே தெரியும்."

பத்துமலை பஸ் சாவியை உருவி நீட்டினார். "நான் வேலையை விட்டுர்றேன். ஆனா என்னை மன்னிச்சிடுங்க, கோச். ஒங்க ஆட்டத்த நான்தான் கெடுத்தேன்."

ஹென்க் சாவியை வாங்கவில்லை.

"அதுக்கப்புறம் நீங்க ஆடவே இல்லன்னு சொன்னாங்களே, நெசமா?"

"எப்படி ஆடுறது? பூட்ஸ கையில எடுத்தாலே ஒங்க சத்தந்தான் கேக்கும்."

ஹென்க்கின் முகம் வெளிறிப்போனது. பத்துமலையின் கையைச் சாவியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு மாசமா இந்த சீட்டுல உக்காந்து, இன்னைக்குச் சொல்லிடணும், இன்னைக்குச் சொல்லிடணும்னு நெனைக்கிறேன். அன்னைக்கு ஆஸ்பத்திரியிலயும் ஒங்க மூஞ்சிய பார்க்க எனக்குத் தைரியம் இல்ல. என் கால் முடிஞ்சு போச்சுன்னு அந்த மேட்ச்சுக்கு ஒரு வாரம் முந்தியே டாக்டர் சொல்லிட்டாரு. மேட்ச்சுல அடிபட்டாத்தான் கிளப் காசு போட்டு ஆபரேஷன் பண்ணும், இல்லன்னா சும்மா ஊருக்கு அனுப்பிரும். அதனால, வேகமா வாரவன் யாருன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். நீங்க பந்தைத்தான் எடுத்தீங்க, அபாங். கால நான்தான் கொண்டுவந்து குறுக்க வெச்சேன்."