மாப்பிள்ளையின் ஜன்னல்

எதிரில் கிடந்த நாற்காலியை வெளியே நடையில் எடுத்துப் போடச் சொல்லிவிட்டுத்தான் சின்னவர் மாப்பிள்ளையைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வந்தவர் உட்கார இடமில்லாமல் முழிப்பதைக் கண்குளிரப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை.

அந்தச் சரக்குக் கிடங்கில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முதலாளி பெரியவர், மகன் சின்னவர், மகளைக் கட்டியவர் மாப்பிள்ளை. லாரி டிரைவர்கள் வாய் நிறைய "மாப்பிள்ளை" என்னும்போதெல்லாம் சின்னவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"நின்னுக்கிட்டே பேசலாம். ரொம்ப நேரம் ஆகாது."

"சொல்லுங்க மச்சான்."

"டிரைவருக்கு லீவு போட்டா அது ஸ்டோர்கீப்பர் பேர்ல போய் விழுது. ஸ்டோர்கீப்பர் கேக்காத லீவுல ஊர் சுத்தறான். டிரைவர் லீவு இல்லாம என்னை முறைக்கிறான். இதுக்குப் பேரு ப்ரோகிராமா?"

ரெபோல் என்று ஒரு கணினி மொழி. கிடங்கில் வேறு யாரும் கேள்விப்பட்டதுகூட இல்லை. அதில் மாப்பிள்ளை தனியாளாக எழுதியது அந்த ப்ரோகிராம். திரையில் ஆளுக்கொரு ஜன்னல் திறக்கும். லீவு, ஷிப்ட், கதவு திறக்கும் கார்டு எல்லாம் அதற்குள்தான்.

"தப்பு எங்கேன்னு கண்டுபிடிச்சுட்டேன் மச்சான். எல்லா ஜன்னலுக்கும் பின்னாடி ஒரே ஃபங்ஷன்தான் வேலை செய்யுது. அதுக்குள்ள 'ஆள்'னு ஒரு சொல் இருக்கு. புதுசா ஒரு ஜன்னல் திறந்தா அது பழைய ஆளை விட்டுட்டு இவரைப் பிடிச்சுக்குது. அந்தந்த ஜன்னலுக்கு அதைத் தனித்தனியா கட்டிவிட்டா சரியாயிடும். மத்தியானத்துக்குள்ள முடிச்சுத் தரேன்."

"என் தங்கச்சியைக் கட்டினதைத் தவிர நீங்க வேற எதைத்தான் உருப்படியா கட்டியிருக்கீங்க?"

மாப்பிள்ளையின் காது மடல் சிவந்தது. அது சின்னவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அன்று பெரியவர் வருகிறார். தனக்குப் பிறகு தன் அறை யாருக்கு என்று வாய் திறந்து சொல்லப் போகிறார். மாப்பிள்ளைக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவாரோ என்று சின்னவருக்குப் பயம். போன மாதம் சாப்பிடும்போது, "நீங்க ஓய்வெடுக்கலாமேப்பா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். "என்னை அனுப்பப் பாக்குறியா?" என்று கேட்ட பெரியவர், அதன்பிறகு ஒரு வாரம் மகனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"இனிமே கீபோர்டுல உங்க கை படக் கூடாது. இன்னியோட உங்களை வேலையை விட்டு எடுத்துட்டேன்."

"மாமாகிட்ட கேட்டீங்களா?"

"அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்."

சின்னவர் திரையில் மாப்பிள்ளையின் ஜன்னலைத் திறந்தார். அப்பா வந்துவிட்டாரோ என்ற சந்தேகத்தில் அவருடைய ஜன்னலையும் பக்கத்தில் திறந்து ஒரு பார்வை பார்த்தார். 'உள்ளே வரவில்லை' என்றிருந்தது. நல்லதாகப் போயிற்று, அவர் வந்து பஞ்சாயத்து பண்ணுவதற்குள் காரியத்தை முடித்துவிட வேண்டும்.

மாப்பிள்ளையின் ஜன்னலுக்கே திரும்பி வந்து, அதிலிருந்த போட்டோவை முறைத்தபடி 'பணிநீக்கம்' என்ற பட்டனை அழுத்தினார். 'முடிந்தது' என்றது திரை.

"உங்க தங்கச்சிகிட்ட நான் என்ன சொல்றது?"

"வீட்டுல சும்மா இருக்கேன்னு சொல்லுங்க. இங்கேயும் அதைத்தானே செஞ்சீங்க."

"உங்களை ஒரு மனுஷனா மதிச்சேன் பாருங்க, என்னைச் சொல்லணும்," என்று மாப்பிள்ளை வெளியே நடந்தார். அவருடைய பை எதிரில் கம்ப்யூட்டர் அறையில் இருந்தது. கதவில் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்க்கும் ஆசையில் சின்னவரும் பின்னாலேயே போனார்.

"கார்டை வெச்சுப் பாருங்களேன்," என்றார் சிரித்துக்கொண்டே.

மாப்பிள்ளை கார்டை வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது, கதவு திறந்துகொண்டது.

சின்னவரின் சிரிப்பு பாதியில் நின்றது. "பாத்தீங்களா, உங்களை வேலையை விட்டுத் தூக்கறதுக்குக்கூட உங்க ப்ரோகிராமுக்குத் துப்பில்லை."

மாப்பிள்ளை அந்தப் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி, திறந்து கிடந்த சின்னவரின் அறைக் கதவு வழியாக மேசைத் திரையை எட்டிப் பார்த்தார். அதில் இரண்டு ஜன்னல்கள் இருந்தன.

நடையில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன திமிரு இது?"

"உங்க போன் அடிக்குது மச்சான். எடுங்க."

பெரியவர்தான். "எங்கேடா இருக்கே?"

"ஆபீஸ்லதான்ப்பா. நீங்க?"

"வாசல்ல. கார்டு வெச்சா கதவு திறக்கலை. வாட்ச்மேன் என்னை மேலயும் கீழயும் பாக்குறான்."

"அது இந்த மாப்பிள்ளை எழுதின ப்ரோகிராம்ப்பா. ஒண்ணும் ஒழுங்கா வேலை செய்யாது."

"நல்லாத்தானே வேலை செய்யுது. கதவுப் பக்கத்துல இருக்குற ஸ்கிரீன்ல என் போட்டோ தெளிவா வருது. அதுக்கு மேல சிவப்பு எழுத்துல 'பணிநீக்கம்'னு இருக்கு."

சின்னவர் திரும்பித் தன் மேசைத் திரையைப் பார்த்தார். பெரியவர் கொஞ்சமும் குரலை உயர்த்தவில்லை.

"கீழே உன் பேரு போட்டிருக்குடா."