மூன்றாவது பெப்டைடு

"சாப்பாட்டை வெளியே வெச்சிட்டு வாங்க அத்தை. லேபுக்குள்ள கொண்டு வரக் கூடாது."

மாமியார் டிபன் பாக்ஸை வெளிமேஜையில் வைத்துவிட்டு வந்தாள். மருமகள் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்படி என்னத்தப் பார்க்குற?"

"கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் செல்லுங்க. கிருமியைக் கொல்ல நம்ம உடம்பு பெப்டைடுன்னு குட்டிப் புரதம் தயாரிக்கும். அதை இதுங்க மேல விட்டுப் பார்க்குறோம். முதல் பெப்டைடை மதிக்கவே இல்லை. ரெண்டாவதை விட்டா இன்னும் கொழுகொழுன்னு வளர்ந்துச்சு. இந்த மூணாவதும் வேலை செய்யலைன்னா ஆராய்ச்சியை மூடிடச் சொல்லிட்டார் புரொபசர்."

"இப்ப என்ன ஆச்சு?"

"வளர்ச்சி பாதிதான் குறைஞ்சிருக்கு அத்தை." மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாமியார் அவள் தோளை அணைத்துக்கொண்டாள்.

"அசடு, இதுக்கா அழுற? புரொபசர்கிட்ட தைரியமா போய்ச் சொல்லு. ஆபரேஷன்ல என் வயித்துலேர்ந்து எடுத்த செல்லுதானே இது? உங்க லேபுக்குக் கொடுக்கச் சொல்லி நான்தானே கையெழுத்துப் போட்டேன்? நானே இன்னிக்கு வரைக்கும் உன் பேச்சை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அது பாதி கேட்டிருக்கேடி!"