மேகம் என்றார்கள்

காற்றில் எவ்வளவு புகை இருக்கிறதென்று அளக்க, பிலோமினா வீட்டு மொட்டைமாடியில் காற்றை உறிஞ்சும் மிஷின் ஒன்றை மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸ்காரர்கள் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தினமும் காலையில் அதில் வெள்ளைத்தாள் மாற்றுவது அவள் வேலை. மறுநாள் அந்தத் தாள் அடுப்புக்கரியாய் வெளியே வரும். இன்று அந்த ஆபீசிலிருந்து போன்.

"மிஷின்ல கோளாறும்மா. சாட்டிலைட்ல உங்க ஊர் மேல வெறும் மேகந்தான் தெரியுது. நாளைக்கு வந்து கழட்டிட்டுப் போயிடுறோம்."

"அது மேகமில்ல சார், புகை! நாலு மாசமா இங்க ஒரு பொட்டு மழ இல்ல."

"புகை அவ்ளோ அடர்த்தியா இருக்காதும்மா. கம்ப்யூட்டரே மேகம்னுதான் சொல்லுது." போனை வைத்துவிட்டார்.

கூடத்துப் பாயில் மகள் ஜெர்லின் விடாமல் இருமிக்கொண்டிருந்தாள். சாட்டிலைட் ஒன்றரை மணிக்கு ஊரைக் கடக்கும் என்று மிஷின் வைக்க வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். மணி ஒன்று இருபது. பிலோமினா சமையற்கட்டிலிருந்து முறத்தை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். சூரியனையே மறைத்துக் கிடந்த அந்தப் புகையைப் பார்த்து இரண்டு கையாலும் விசிறத் தொடங்கினாள்.

"ஒரு ஓட்ட, மாதாவே. ஒரே ஒரு ஓட்ட. மேலேருந்து பாத்தா நாங்க தெரியணும்."

தோள் இற்றுப்போனது. புகை அசையவில்லை. கீழே இருமல் சட்டென்று நின்றது. படிக்கட்டுப் பக்கம் திரும்பாமல், அவள் இன்னும் வேகமாக விசிறினாள்.