கலப்புப் பயிர்

"யாரைக் கேட்டுண்ணா புடுங்கினீங்க?"

தேவிப்ரியா போட்ட சத்தத்தில், அடி அண்ணாமலைப் பாதையில் கிரிவலம் போய்க்கொண்டிருந்த நாலு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

நெல் ஆராய்ச்சி செய்கிற பெண். சகாதேவனின் கிணற்றுத் தண்ணி வாயில் வைக்க முடியாத உப்பு. உப்பைத் தாங்குகிற நெல்லைத் தேட இதைவிடத் தோதான இடம் கிடைக்காது என்று, அவர் கழனியைக் கேட்டு வாங்கி, புதுசாக ஒட்டுச்சேர்த்த நெல்லை நட்டிருந்தாள்.

அக்கா பிரசவத்துக்குத் துணைக்கு ஒரு மாசம் இருந்துவிட்டு இன்றுதான் வருகிறாள். வந்து பார்த்தால், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை மாதிரி இருக்கிறது கழனி. ஒரே உயரம், ஒரே நிறம்!

"கலப்பு ஜாஸ்தியா இருந்துச்சும்மா. ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டை, ஒண்ணு செவப்பு. போறவன் வர்றவன்லாம், 'இன்னா சகாதேவா, விதையில கோட்டை விட்டுட்டியா'ன்னு கேக்கறான். மானம் போவுது. அதான் புடுங்கிட்டேன்."

"அந்தக் கலப்புதாண்ணா எனக்கு வேணும்! ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லாம இருந்தாதான், அதுல ஏதாவது ஒண்ணு உப்பைத் தாங்கும். இப்ப நிக்கிறதைப் பாருங்க, நுனியெல்லாம் கருகுது. என் இத்தனை வருஷ வேலையும் போச்சு!"

அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சகாதேவன் தலையைச் சொறிந்தார். "புடுங்கினதைத் தூக்கியெல்லாம் எறியலம்மா..."

"பின்ன?"

"பச்சையா உயிரோட இருக்கறதை எப்படி எறியறது? மனசு கேக்கல. வேர் மண்ணோட பேத்து, மோட்டார் கொட்டாய்க்குப் பின்னால நட்டு வெச்சேன். எங்க வீட்ல கூடச் சொல்லல. சொன்னா சிரிப்பா."

தேவிப்ரியா ஓடினாள்.

உப்பு வெள்ளையாகப் பூத்து, புல்கூட முளைக்காத மூலை. நட்டதில் முக்கால்வாசி காய்ந்து கிடந்தது. நடுவே நாலே நாலு தூர் மட்டும், ஆளுக்கொரு உயரமாக, கதிர் தள்ளி ஜம்மென்று நின்றன!

அந்த உப்பு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

"இந்த மூலையில நட எனக்கே தைரியம் வரலண்ணா! நாம தேடினது இதுதான். உங்க கழனிக்கு இனிமே இதோட விதைதான்."

சகாதேவன் அந்த நாலு தூரைப் பார்த்தார். தான் பார்த்துப் பார்த்துச் சுத்தம் செய்த கழனியைப் பார்த்தார்.

"அப்ப, அங்க ஒழுங்கா நிக்குதே... அதையெல்லாம் புடுங்கிடவாம்மா?"