வேம்புக்குக் கிழக்கே

காலையில் பயிரைப் படமெடுக்கும் ஆளில்லா விமானம் மஞ்சள் பயிரிட்ட காட்டின் மேல் ஒரு சுற்றுச் சுற்றிப் போனது. இட்லி வேகுமுன்னே பூங்கொடியின் போனுக்கு நிறப்படம் வந்துவிட்டது. பயிருக்குக் குறையில்லை. வேப்பமரத்துக்குக் கிழக்கே மட்டும் நீலமாக ஒரு திட்டு. அதன் கீழே குறிப்பு: "ஐந்தரை அடி நீளத்துக்கு மண் இறுகிப் புல் கருகியுள்ளது. தினமும் அங்கே வைக்கும் கனமான பொருளை அகற்றவும்."

அவள் கணவன் சதாசிவம் ஒரு மாதமாக மத்தியானமெல்லாம் களையெடுப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். உச்சிவெயில் தாண்டினால் வேம்பின் நிழலும் கிழக்கேதான் விழும்.

"ஏனுங்க, அந்தப் பொருளு எதுங்க?"

"மெசினு தப்பாச் சொல்லுது புள்ள."

"வானத்துல இருந்து பாக்கறது தப்புமுங்களா?"

அன்றிலிருந்து அவன் நிஜமாகவே களையெடுத்தான். பூங்கொடி சோறு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவன் வேலை செய்கிறானா என்று சாயங்காலம்வரை மரத்தடியில் காவலிருந்தாள்.

இருபதாம் நாள் வந்த படத்தை அவன்தான் முதலில் பார்த்தான். பழைய திட்டில் புல் துளிர்த்திருந்தது. பக்கத்தில் புதிதாக ஒன்று, ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. போனை அவளிடம் நீட்டினான்.

அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"நீங்க சொன்னது சரிதானுங்க," என்றாள். "இந்த மெசினு தப்பாத்தான் சொல்லுது."