தோற்பதற்கு வேண்டிய வேலைகள்

ரிமோட் படகின் புரொப்பெல்லரை அவன் ஒரு மெல்லிய ஊசியில் கோத்துப் பிடித்தான். ஒரு இதழ் தயங்கித் தயங்கிக் கீழே வந்து நின்றது.

கீழே வருகிற இதழ்தான் கனம். அதன் முதுகை லேசாக ராவ வேண்டும். முகத்தைத் தொடக்கூடாது. தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளுவது முகம்தான்.

பல்செட் செய்கிறவனுக்கு இது கைவந்த வேலை. கடைவாய்ப் பல்லில் முடியளவு மேடு இருந்தாலும் மறுநாளே வாயைத் திறந்துகொண்டு வந்து நிற்பார்கள். அந்த மேட்டைத் தேய்க்கிற மெஷினிலேயே பித்தளை இதழையும் தேய்த்தான்.

மறுபடி ஊசியில் கோத்தான். இப்போது எங்கே நிறுத்தினாலும் அங்கேயே நின்றது.

நடுங்கிச் சுற்றும் புரொப்பெல்லர், பாட்டரியின் பலத்தில் ஒரு பங்கை நடுங்கியே தின்றுவிடும். நடுக்கத்தை எடுத்துவிட்டால் அந்தப் பங்கும் வேகமாகிவிடும்.

மனைவி கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அது எங்க அண்ணன் படகு இல்ல?”

“ஆமா.”

“தோக்கறதுக்கு இவ்வளவு பாடுபடற ஆளை நான் பாத்ததே இல்ல. ஆபரேஷன் ஆன உடம்பு, குனிஞ்சே உக்காந்திருக்காதீங்க.”

மச்சானும் அவனும் பள்ளியில் ஒரே பெஞ்ச். மச்சானின் தங்கையைக் கட்டிய பிறகும் வாடா போடாதான். ஞாயிற்றுக்கிழமைகளில் குடிநீர் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் குளத்தில் இருவரும் ரிமோட் படகு விடுவார்கள். மச்சான் ஜெயிப்பான். ஜெயித்துவிட்டு வாரம் முழுக்க மானத்தை வாங்குவான். சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும், “உன் படகு ஓடி வந்துச்சா, இல்ல அலையில ஒதுங்குச்சா?” என்று கேட்பான்.

ஆஸ்பத்திரிக்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது. மச்சான் ‘நீங்க’ என்றான். ‘பாத்து உக்காருங்க’ என்றான். கடைசி மிதவையைச் சுற்றும்போது தவறாமல் தோற்றான்.

எப்படித் தோற்கிறான் என்று தெரிந்துகொள்ளக் காது போதும். மின்சார மோட்டாருக்குப் பொய் சொல்லத் தெரியாது. ரிமோட்டின் விசையில் விரல் தளர்ந்தால் சத்தத்தின் சுருதி இறங்கும். கடைசித் திருப்பத்தில் மச்சான் படகின் சுருதி, யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதே என்பதுபோல், கொஞ்சமே கொஞ்சம் இறங்கும்.

ஜெயித்து ஜெயித்து அவனுக்கு அலுத்துவிட்டது. பழைய மச்சான் திரும்பக் கிடைக்க வேண்டும். அதற்கு மச்சான் ஒரு தடவையாவது ஜெயித்தாக வேண்டும்.

இரண்டு படகுக்கும் கிரீஸ் போடுவது எப்போதும் அவன் வேலை. அதனால் மச்சான் சந்தேகமில்லாமல் படகையும் ரிமோட்டையும் வைத்துவிட்டுப் போயிருந்தான்.

பாட்டரியை ஒரு விரற்கடை பின்னுக்குத் தள்ளி ஒட்டினான். மூக்கு தூக்கினால் தண்ணீரில் உரசும் அடிப்பாகம் குறையும். உரசல் குறைந்தால் வேகம். ஆசைப்பட்டு இன்னும் தள்ளினால் தவளை மாதிரி குதிக்கும்.

ஆனால் எவ்வளவு வேகமான படகையும் ஒரு விரல் தோற்கடித்துவிடும். ஆகவே கடைசியாக ரிமோட்டை எடுத்தான். விசையைப் பாதி இழுத்தாலே மோட்டார் முழு வேகத்துக்குப் போகும்படி அமைத்தான். மீதிப் பாதி சும்மா, விரலின் திருப்திக்கு.

மாலையில் குளத்தில் காற்றே இல்லை. முதல் சுற்றிலேயே மச்சானின் புருவம் ஏறியது.

“கிரீஸ் நல்லா போட்டிருக்கீங்க” என்றான்.

கடைசி மிதவைக்கு இரண்டு படகும் ஒட்டியே வந்தன. அவன் தன் விசையை முழுக்க இழுத்துப் பிடித்தான். தான் விட்டுக்கொடுத்தால் அதுவும் அதே பொய்தானே.

ஓரக்கண்ணால் பார்த்தான்.

மச்சானின் விரல் தளர்ந்தது.

சுருதி இறங்கவில்லை.

விரல் இன்னும் கொஞ்சம் தளர்ந்தது. படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயிற்று. மச்சான் திகைத்து ரிமோட்டைக் குனிந்து பார்ப்பதற்குள், எல்லைக் கயிற்றைத் தாண்டிவிட்டது.

மச்சான் ரிமோட்டைத் திருப்பிப் பார்த்தான். படகைப் பார்த்தான். பிறகு அவனைப் பார்த்தான்.

“என் படகுல கை வச்சியாடா?”

அவன் தலையை ஆட்டினான்.

“பல்லு ராவற பய, உன் கை பட்டும் என் படகு ஜெயிக்குதுன்னா அது ஓட்டறவன் கைடா. உன்னுது எங்க, இன்னும் வந்துக்கிட்டு இருக்கா? அவசரம் இல்ல, மெதுவா வரச் சொல்லு.”

சொல்லிவிட்டு மச்சான் சிரித்தான். சிரிப்பில் வயிறு இழுக்க, வலது விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்திக்கொண்டான். அவனும் சிரித்தான். அவன் கையும் அதே இடத்துக்குத்தான் போயிற்று.

கல்லீரல் விசித்திரமான உறுப்பு. அவனிடமிருந்து வெட்டி மச்சானுக்குள் வைத்த துண்டும் வளரும், அவனுக்குள் மிஞ்சியதும் வளரும். சில மாதங்களில் இரண்டு பேருக்குமே ஏறக்குறைய முழு அளவு வந்துவிடும். டாக்டர் படம் போட்டே காட்டினார். ‘எனக்கு ஒண்ணும் குறையலடா’ என்று அவனும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தான். அப்போதெல்லாம் மச்சான் கண் கலங்கிக் கையைக் கூப்பினானே தவிர, நம்பவில்லை.

மச்சான் கரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டான்.

“என்னடா நிக்கிற? போய் என் படகையும் சேத்து எடுத்துட்டு வா.”

அவன் பேண்டை முழங்கால்வரை மடித்துவிட்டு, மனம் நிறைந்து, தண்ணீரில் இறங்கினான்.