மூன்று முறை சூடான வண்டி

ரேடியேட்டரின் வாயில் ஒரு குமிழ் வந்து உடைந்தது.

நீர் இரண்டு விரல் அளவு இறங்கியது. அவன் எஞ்சின் சூட்டைத் தணிக்கும் பச்சைக் கூலண்ட்டை மெல்லச் சாய்த்து ஊற்றினான். அவசரப்பட்டால் காற்றும் கூடவே உள்ளே போய்விடும்.

காரின் முன்சக்கரங்களை வாசல் மேட்டில் ஏற்றி நிறுத்தியிருந்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மேல் குழாயைக் கையால் அமுக்கி அமுக்கி விட்டான்.

இப்படிக் காற்றை எடுப்பது ஒற்றை ஆள் வேலை இல்லை. உள்ளே ஒருவர் உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பதினோரு வருடம் மனைவி சுகந்திதான் மிதித்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால். "போதுமா? இன்னும் மிதிக்கட்டுமா?" என்று ஜன்னலில் தலையை நீட்டிக் கேட்பாள்.

இப்போது வால்பாறை ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். மாற்றல் வந்த அன்று, "போறதுன்னா போ" என்று கத்தியவன் இவன்தான். போய்விட்டாள். இரண்டு வருடம் ஆயிற்று.

இன்று அவள் இடத்தில் எதிர்வீட்டு மாரப்பண்ணன்.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு அறுபத்துச் சொச்சம் கிலோமீட்டர். மூன்று முறை கிளம்பினான். மூன்று முறையும் வண்டி பாதி மலையில் கொதித்தது. திரும்பி வந்தான்.

முதல் முறை நிஜமாகவே குழாய் வெடித்தது.

மற்ற இரண்டு முறையும், தண்ணீரை மடமடவென்று ஊற்றி, காற்றை எடுக்காமலே மூடியைத் திருகிவிட்டுக் கிளம்பினான். தெரிந்தேதான். காற்று மாட்டிய வண்டி மலை ஏறாது என்று அவனுக்குத் தெரியாதா என்ன?

பயம். அவ்வளவு தூரம் போய் நின்றதும், "எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டுவிட்டால்? அதற்கு வண்டி கொதிப்பதே மேல். பொய்யும் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை அவளே போன் செய்தாள்.

"இங்கயே இருந்துக்கறேன்னு திங்கக்கெழமை எழுதிக் குடுக்கப்போறேன். அதுக்குள்ள வர்றதுன்னா வாங்க. வண்டி சூடாயிருச்சுன்னு மட்டும் சொல்லாதீங்க."

இன்று ஞாயிறு.

"ஏனுங் தம்பி," என்றார் மாரப்பண்ணன் உள்ளேயிருந்து. "வேலை இத்தனை சுத்தமாத் தெரியுதே. அப்பறம் எதுக்கு மூணு தடவை பாதி வழில திரும்புனீங்?"

அவன் குழாயை அமுக்கினான். பெரிய குமிழ் ஒன்று குபுக்கென்று வந்தது.

"ஹீட்டர்ல சூடு வருதுங்களாண்ணா?"

"இல்லீங். சில்லுனுதான் வருது."

"அப்ப இன்னும் காத்து இருக்குது. மிதிங்க."

குமிழ்கள் கடுகளவு ஆயின. பிறகு அதுவும் இல்லை. நீர் அசையாமல் நின்றது.

"அட சாமி! இந்த வெயில்ல மூஞ்சியே வேகுதுங்!"

மாரப்பண்ணன் வியர்க்க விறுவிறுக்க இறங்கி ஓடினார். அவன் மூடியைத் திருகிவிட்டு உள்ளே உட்கார்ந்தான்.

ஹீட்டர் சூட்டோடு எலுமிச்சை வாசம் வந்தது.

சுகந்தி உட்காரும் இடப்பக்கக் காற்றுத் துவாரத்தில் காய்ந்த எலுமிச்சைத் தோல் ஒன்று செருகியிருந்தது. மலை வளைவுகளில் அவளுக்குக் குமட்டும். அவனுக்கு ஒன்றும் செய்யாது. கடைசியாகச் சேர்ந்து மலைக்குப் போனபோது அவள் வைத்தது. இரண்டு வருடமாக அவன் அதைத் தொடவில்லை.

சூடு காட்டும் முள் பாதியிலேயே நின்றது. இனி வண்டியின் மேல் பழி போட முடியாது.

போன் செய்தான்.

எடுத்ததுமே, "சூடாயிருச்சா?" என்றாள்.

"இல்ல. காத்து எடுத்தாச்சு."



"யாரு மிதிச்சாங்க?"

"மாரப்பண்ணன்."

அப்படியென்றால், முன்பெல்லாம் யாரும் மிதிக்கவில்லை, அவன் காற்றை எடுக்கவே இல்லை என்று அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. 

"சரி," என்றாள். "வர்றப்ப ரெண்டு எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வாங்க."

போனை வைத்துவிட்டாள்.

அவன் குனிந்து, இடப்பக்கத் துவாரத்திலிருந்து காய்ந்த தோலை உருவினான்.